வங்கி பார்ப்பது பனியனை அல்ல, காகிதத்தை!

திருப்பூரில் ஒருவருக்கு ஜெர்மனியிலிருந்து 10,000 டி-ஷர்ட்டுகளுக்கு ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நூல், நிட்டிங், சாயம், தையல் எல்லாம் இவர் செலவு. பெட்டிகள் தூத்துக்குடியில் கப்பல் ஏறிய பிறகு அவர் பணம் தராவிட்டால்? முன்பணம் அனுப்பி, சரக்கு வராவிட்டால் என்ற பயம் அந்தப் பக்கத்திலும் உண்டு.

இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் நிற்பதுதான் எல்.சி. என்கிற லெட்டர் ஆஃப் கிரெடிட். 'கேட்ட ஆவணங்களைச் சொன்ன தேதிக்குள் கொடுத்தால் பணம் தருகிறோம்' என்று வாங்குபவரின் வங்கி தரும் வாக்குறுதி இது. 2007 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள யு.சி.பி. 600 விதிகளின்படி, விற்பவர் சம்மதிக்காமல் இதை ரத்து செய்ய முடியாது.

இதில் பல வகைகள் உண்டு.

சைட் எல்.சி.: ஆவணங்கள் சரியாக இருந்தால் காத்திருக்காமல் பணம். சரிபார்க்க வங்கிக்கு அதிகபட்சம் 5 வேலை நாட்கள்.

யூசன்ஸ் எல்.சி.: 60 அல்லது 90 நாள் போன்ற தவணை கழித்தே பணம். அதுவரை கூலியும் வட்டியும் விற்பவர் தலையில்.

கன்ஃபர்ம்டு எல்.சி.: அந்த நாட்டு வங்கி மீது முழு நம்பிக்கை இல்லையென்றால், இன்னொரு வங்கியும் சேர்ந்து பொறுப்பேற்கும். அதற்குத் தனிக் கட்டணம்.

டிரான்ஸ்ஃபரபிள் எல்.சி.: ஆர்டர் பிடித்த இடைத்தரகர், தைத்துக் கொடுக்கும் தொழிற்சாலைக்கு இதை மாற்றித் தரலாம். தொழிற்சாலை அதை வேறொருவருக்கு மாற்ற முடியாது.

பேக் டு பேக் எல்.சி.: தனக்கு வந்த எல்.சி.யைக் காட்டி, துணி தருபவருக்கு இன்னொரு எல்.சி. திறப்பது. வங்கதேச ஆடைத் தொழிலில் இது மிகச் சாதாரணம். ஆனால், முதல் எல்.சி.யில் பணம் வராவிட்டாலும் துணிக்கான பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

எந்த வகையானாலும் வங்கி பெட்டியைத் திறந்து தையலைப் பார்ப்பதில்லை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் போன்ற காகிதங்களை மட்டுமே பார்க்கும். பலர் சிக்குவது இங்கேதான்.

நம் திருப்பூர்காரர் வெட்டும்போது கொஞ்சம் கூடுதலாக வெட்டி, 10,150 உருப்படிகளை அனுப்பிவிடுகிறார் என்று கொள்வோம். அளவில் 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்று விதியில் ஒரு சலுகை உண்டு. ஆனால், எண்ணிக்கையில் குறிப்பிட்ட சரக்குக்கு அது பொருந்தாது. 150 உருப்படி அதிகம் என்று வங்கி பணம் தர மறுக்கலாம். அப்போது வாங்குபவர் மனது வைத்தால்தான் வழி. 'விலையைக் குறைத்தால் சம்மதிக்கிறேன்' என்று அவர் பேரம் பேசலாம். சரக்கோ கடலில்!

எனவே எல்.சி. கைக்கு வந்த அன்றே படிக்க வேண்டும். எண்ணிக்கையிலும் தொகையிலும் 5 சதவீதம் கூடக் குறைய அனுமதி உண்டா, கப்பல் ஏற்றக் கடைசி நாள் எது, ஆவணம் கொடுக்கக் கெடு எத்தனை நாள் என்று பார்க்க வேண்டும். கெடு எதுவும் சொல்லாவிட்டால், கப்பல் ஏறியதிலிருந்து 21 நாள். அதுவும் எல்.சி. காலாவதி ஆவதற்குள். ஒத்துவராத நிபந்தனை இருந்தால், துணி வெட்டுவதற்கு முன்பே திருத்தம் கேட்டு வாங்கிவிட வேண்டும்.