எது கடவுளின் சோதனை என்று யார் சொல்வது?

புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய நிருபம் ஐந்தே அதிகாரங்கள் கொண்டது. முதல் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, பலவகைச் சோதனைகளில் அகப்படும்போது அதை மகிழ்ச்சியாக எண்ணுங்கள் என்கிறார் அவர். விசுவாசம் பரீட்சிக்கப்படும்போது பொறுமை வளரும் என்று காரணமும் சொல்கிறார். அதே அதிகாரத்தில் பதினொரு வசனம் தள்ளி, கடவுள் என்னைச் சோதிக்கிறார் என்று யாரும் சொல்லக் கூடாது என்று தடை போடுகிறார். மனிதனைத் தீமைக்கு இழுப்பது அவனவன் சொந்த இச்சை என்கிறார். தமிழ் வேதாகமத்தில் இரண்டையும் சோதனை என்ற ஒரே சொல் சுமக்கிறது. கிரேக்க மூலத்திலும் நிலைமை அதுதான். எனவே அகராதியைப் புரட்டி இந்தச் சிக்கலை அவிழ்க்க முடியாது. வேதாகமம் சொல்லும் கதைகளுக்குள் போய்த்தான் வேறுபாட்டைத் தேட வேண்டும். அப்படித் தேடும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது இது: கடவுள் மனிதனைப் பரீட்சிப்பதையும், பாவத்துக்கு இழுக்கும் தூண்டுதலையும் பிரிக்கும் கோடு, நேர்ந்த துன்பத்தின் அளவில் இல்லை. அதைச் செய்பவரின் நோக்கத்திலும், அவர் பேசும் பேச்சின் நேர்மையிலும் இருக்கிறது. நோக்கம் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் அடுத்தவர் துயரத்தைச் சுட்டிக்காட்டி, இது கடவுள் உனக்கு வைத்த சோதனை என்று அறிவிக்கும் உரிமையை வேதாகமம் யாருக்கும் தரவில்லை.

சோதனை என்றாலே நோய், இழப்பு, கடன், மரணம் என்றுதான் நாம் நினைக்கிறோம். வனாந்தரப் பயணத்தில் இஸ்ரவேலர் சோதிக்கப்பட்ட ஓர் இடத்தைப் பாருங்கள். யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில் பசியால் முறுமுறுக்கும் மக்களுக்குக் கடவுள் வானத்திலிருந்து அப்பம் தருவதாகச் சொல்கிறார். தம் சொற்படி நடப்பார்களா என்று அதைக் கொண்டு சோதித்துப் பார்க்கப்போவதாகவும் அதே மூச்சில் சொல்கிறார். சோதனை இங்கே உணவு கிடைப்பதில் இருக்கிறது. மன்னா என்ற அந்த அப்பத்தை ஆளுக்கு ஓர் ஓமர் அளவில், அன்றன்றைக்கு உரியதை அன்றன்று சேர்க்க வேண்டும். மறுநாளுக்கு ஒளித்து வைத்தது புழுத்து நாறியது. ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பாகச் சேர்க்கலாம், ஏழாம் நாள் ஓய்வு. விதி என்ன என்பது மக்களுக்கு வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. தவறியவர்களும் பட்டினி போடப்படவில்லை. மறுநாள் காலையிலும் மன்னா பெய்தது. உபாகமம் 8ஆம் அதிகாரத்தில் அந்த நாற்பது ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கும் மோசே, கடைசியில் உனக்கு நன்மை செய்வதற்காகவே இது நடந்தது என்கிறார். அதே அதிகாரத்தில் அவர் பெரிதாக அஞ்சுவது பசியை அல்ல. வயிறு நிறைந்து, நல்ல வீடு கட்டி, ஆடுமாடும் வெள்ளியும் பெருகிய பிறகு கடவுளை மறந்துவிடுவீர்கள் என்பதே அவருடைய கவலை. இந்த அதிகாரத்தை ஊன்றிப் படித்தால், ஏழைகளைப் பார்த்து மட்டும் சோதனை பற்றிப் பிரசங்கம் செய்யும் வழக்கம் எவ்வளவு பிழையானது என்று தெரியும். மாடி வீட்டில் இருப்பவரும் பரீட்சையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் யாரும் அதைச் சொல்வதில்லை.

தூண்டுதல் வேலை செய்யும் விதம் இதற்கு நேர்மாறானது. ஏதேனில் பாம்பு தொடங்குவதே ஒரு திரித்த கேள்வியோடுதான்: ஒரு மரத்தை மட்டும் விலக்கிய கட்டளையை, எல்லா மரங்களையும் விலக்கியதுபோல் ஆக்கிக் கேட்கிறது. பிறகு, கடவுள் உங்களிடம் நல்லதொன்றை மறைக்கிறார் என்ற சந்தேகத்தை ஊன்றுகிறது. மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் இயேசுவிடம் வருபவனும் இதே உத்தியைத்தான் கையாள்கிறான். அவன் வாயில் வேத வசனமே இருக்கிறது, இடமும் பொருளும் பிடுங்கப்பட்ட வசனம். இயேசு மூன்று முறையும் உபாகமத்திலிருந்தே பதில் சொல்கிறார், அதுவும் அந்த வனாந்தர ஆண்டுகளைப் பேசும் அதிகாரங்களிலிருந்து. நாற்பது ஆண்டில் இஸ்ரவேல் தவறிய இடங்களில் இவர் நாற்பது நாளில் நிலைநிற்கிறார் என்பது மத்தேயுவின் வாதம். இன்னொன்றையும் மத்தேயு மறைக்காமல் எழுதுகிறார்: இயேசுவை வனாந்தரத்துக்கு அழைத்துச் சென்றது ஆவியானவர், அங்கே அவரை விழவைக்கப் பார்த்தது பிசாசு. இடமும் நேரமும் பசியும் ஒன்றே. ஒருவர் அவர் நிற்பதை விரும்புகிறார், மற்றவன் அவர் விழுவதை விரும்புகிறான்.

இந்தப் பிரிவினை பிற்காலத்தார் செய்த சமாளிப்பு என்று ஒரு மறுப்பு உண்டு. அதற்கு வலுவான சான்றும் காட்டப்படுகிறது. தாவீது மக்கள்தொகையைக் கணக்கெடுத்த நிகழ்ச்சி வேதாகமத்தில் இரண்டு இடங்களில் வருகிறது. இரண்டாம் சாமுவேல் 24ஆம் அதிகாரம், கர்த்தருடைய கோபமே தாவீதை அதற்கு ஏவியது என்கிறது. பாபிலோன் சிறையிருப்புக்குப் பிறகு எழுதப்பட்ட முதலாம் நாளாகமம் 21ஆம் அதிகாரம், சாத்தான் ஏவினான் என்கிறது. முரண்பாடு உண்மையானது, அதை மழுப்புவதில் எனக்கு விருப்பமில்லை. எல்லா நிகழ்வுக்கும் கடவுளையே நேரடிக் காரணமாகச் சொன்ன பழைய பேச்சுமுறையிலிருந்து இஸ்ரவேலின் சிந்தனை நகர்ந்திருக்கிறது. கடவுளின் நன்மையைப் பற்றி அவர்கள் கற்றுக்கொண்டது அந்த நகர்வில் தெரிகிறது. நான் இதில் கவனிக்க விரும்புவது வேறு. ஏவியது யார் என்பதில் வேறுபடும் இரண்டு நூல்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. படைத்தலைவன் யோவாப் தடுத்தும் கேட்காத தாவீது, பின்னர் கொள்ளைநோயில் எழுபதாயிரம் பேர் மாண்ட வேளையில், பாவம் செய்தவன் நான், இந்த மந்தை என்ன செய்தது என்று கதறுகிறான். கடவுள் ஏவினார், நான் செய்தேன் என்று அவன் எங்கும் சொல்லவில்லை. ஏதேனில் ஆதாமோ, நீர் எனக்குத் தந்த பெண்தான் கொடுத்தாள் என்று சொல்லி, மனைவியையும் கடவுளையும் ஒரே வாக்கியத்தில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினான். யாக்கோபு தடுப்பது இந்தப் பேச்சைத்தான். என் தவறுக்குக் கடவுள் காரணமானால் நான் திருந்துவதற்கு எதுவும் மிச்சமில்லை.

எல்லாம் அறிந்த கடவுளுக்குப் பரீட்சை எதற்கு என்பது இன்னொரு நியாயமான கேள்வி. யூத அறிஞர்கள் இதை நூற்றாண்டுகளாக வாதாடியிருக்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டின் மைமோனிடிஸ், ஒரு குற்றமும் இல்லாதவனுக்குப் பின்னால் பெரிய பலன் தருவதற்காகக் கடவுள் துன்பத்தை அனுப்புகிறார் என்ற கருத்தையே ஏற்க மறுத்தார். சோதனைக் கதைகள், மனிதர் எப்படி நடக்க வேண்டும் என்று மற்றவர்கள் அறிவதற்காக என்றார். அடுத்த நூற்றாண்டின் நாக்மானிடிஸ், சோதனை என்பது சோதிக்கப்படுபவருக்காகவே என்றார்: உள்ளே விதையாக இருப்பது செயலாக வெளிவர வேண்டும், கடவுள் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை இல்லை. இந்த இரண்டாவது விளக்கம் மன்னா கதைக்கு நன்றாகப் பொருந்துகிறது.

ஆபிரகாமுக்குப் பொருந்துகிறதா? மகனைப் பலியிடு என்ற கட்டளையை எந்த விளக்கத்தாலும் எளிதாக்க முடியாது. அப்படியொரு குரலைக் கேட்டால், கொல்லக் கூடாது என்பது எனக்கு உறுதியாகத் தெரியும், பேசுவது கடவுள்தானா என்பது உறுதியில்லை என்று ஆபிரகாம் பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று 1798இல் வெளிவந்த நூலில் தத்துவவாதி கான்ட் எழுதினார். அரை நூற்றாண்டு கழியுமுன், 1843இல், கீர்க்ககார் அதே கதையை அறத்தையும் தாண்டிய விசுவாசத்தின் உச்சமாகப் படித்தார். என் சார்பு கான்ட் பக்கம். ஆனால் அதற்கு வேதாகமத்துக்கு வெளியே போகத் தேவையில்லை. பிள்ளைகளை நெருப்பில் இட்ட மக்களைப் பற்றி எரேமியாவின் நூலில் கடவுள், அப்படிச் செய்யத் தாம் கட்டளையிடவில்லை, அது தம் நினைவிலேயே எழவில்லை என்கிறார். மீகாவும் தலைப்பிள்ளையைத் தரட்டுமா என்ற கேள்வியை எழுப்பி, நீதியையும் இரக்கத்தையுமே பதிலாக வைக்கிறார். ஆதியாகமம் 22ஆம் அதிகாரம் கத்தியைத் தடுத்து நிறுத்துவதில் முடிகிறது. அந்தக் கட்டளை ஒரே முறை தரப்பட்டு, அதே கடவுளால் திரும்பப் பெறப்பட்டது. அதைக் காட்டி இன்று எந்தப் பிள்ளையையும் எந்தப் பலிபீடத்திலும் வைக்க முடியாது. ஒரு சிறு விவரத்தையும் கவனியுங்கள்: இது சோதனை என்ற செய்தி முதல் வசனத்தில் வாசகருக்குச் சொல்லப்படுகிறது. ஆபிரகாமுக்குச் சொல்லப்படவில்லை. மலையடிவாரத்தில் நின்ற வேலைக்காரர்களுக்கும் தெரியாது.

யோபுவின் கதையிலும் இப்படியே. பரலோகத்தில் நடந்த உரையாடல் வாசகருக்குத் தெரியும், யோபுவுக்குக் கடைசிவரை தெரியாது. நண்பர்கள் மூவரும் தங்களுக்குத் தெரியும் என்று நினைத்தார்கள். முதல் ஏழு நாள் அவர்கள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தது அவர்கள் செய்த நல்ல காரியம். அதன்பின் அதிகாரம் அதிகாரமாக, துன்பத்துக்குக் கடவுளின் காரணத்தை விளக்கினார்கள்; கடவுளின் சிட்சையை அற்பமாக எண்ணாதே என்று அவர்களில் ஒருவனான எலிப்பாஸ் உபதேசமும் செய்தான். பக்தியுள்ள பேச்சுதான். முடிவில் கடவுளின் கோபம் அவர்கள்மேல்தான் மூண்டது: கடவுளோடு வழக்காடி, புலம்பி, பிறந்த நாளையே சபித்த யோபு பேசியதே சரி என்கிறது நூல். யோபுவின் இறந்துபோன பத்துப் பிள்ளைகளின் கேள்விக்கு அந்த நூலில் பதில் இல்லை. பின்னால் பிறந்த பத்துப் பேர் அதற்கு ஈடாகமாட்டார்கள். ஆனால் சோதிக்கப்படுபவனுக்கு எதிர்த்துக் கேட்கும் உரிமை உண்டு என்பதை அந்த நூல் நிலைநாட்டிவிட்டது.

அடுத்தவர் துன்பத்துக்குக் கடவுளின் காரணத்தை அறிவிக்கக் கூடாது என்பதற்கு, யோசேப்பைக் காட்டி மறுப்புச் சொல்வார்கள். நீங்கள் தீமை நினைத்தீர்கள், கடவுள் அதை நன்மையாக்கினார் என்று அவன் சொன்னானே? சொன்னான். பல ஆண்டுகள் கழித்து, தானே பாதிக்கப்பட்டவனாக நின்று, தன்னை விற்ற அண்ணன்மாரை மன்னிக்கும்போது சொன்னான். குழியில் கிடந்தபோது அண்ணன்மார் அவனை எட்டிப் பார்த்து அதைச் சொல்லியிருந்தால், அதே சொற்கள் கொடூரமாகியிருக்கும். தம் புற்றுநோயை, தம் மகனின் மரணத்தை, தம் விசுவாசம் உருகி வார்க்கப்பட்ட காலமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. அது அவர்களுடைய சாட்சி, அதை மதிக்கிறேன். அந்த வாக்கியத்தை அடுத்தவர் வாயில் திணிப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

அப்படித் திணிப்பதற்கு அதிகம் பயன்படும் வசனம் முதலாம் கொரிந்தியர் 10:13. தாங்க முடியாத பாரத்தைக் கடவுள் தரமாட்டார் என்று துக்க வீடுகளில் அதைச் சொல்கிறார்கள். பவுல் அங்கே துக்கத்தைப் பற்றிப் பேசவே இல்லை. விக்கிரக வழிபாடு, வேசித்தனம், முறுமுறுப்பு என்று இஸ்ரவேலர் வனாந்தரத்தில் விழுந்த பாவங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, தூண்டுதல் எவ்வளவு வலுத்தாலும் விழுந்தே தீர வேண்டும் என்பதில்லை என்கிறார். துன்பத்தைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பது அடுத்த நிருபத்தின் முதல் அதிகாரத்தில் இருக்கிறது: ஆசியாவில் நேர்ந்த உபத்திரவம் எங்கள் பலத்துக்கு மிஞ்சிப்போய், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்று வெளிப்படையாக எழுதுகிறார். தாங்க முடியாத பாரம் உண்டு என்று ஒப்புக்கொண்ட அப்போஸ்தலரின் பெயராலேயே, தாங்க முடியவில்லை என்று அழுகிறவரைக் குற்றவாளியாக்குகிறோம்.

குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடம் சிக்கிய பெண்ணிடம், இது உனக்கு வந்த சோதனை, ஜெபம் பண்ணிப் பொறுத்துக்கொள் என்று ஆலோசனை சொல்லும்போது இந்தக் குழப்பம் ஆபத்தாகிறது. இச்சைக்கும் வெறிக்கும் இடங்கொடுத்துப் பாவம் செய்பவன் கணவன். அவன் கையைக் கடவுளின் கருவி என்று அறிவித்தால், கடவுள் தீமையால் யாரையும் சோதிப்பதில்லை என்ற யாக்கோபின் வாக்கைக் கிழித்துப்போடுகிறோம். அநியாயமாகப் பாடுபட்டும் பொறுத்திருக்கச் சொல்லும் முதலாம் பேதுரு நிருபத்தை இதற்குப் பதிலாகக் காட்டுவார்கள். அந்தப் பகுதி, சட்டமும் சமூகமும் ஒரு வாசலும் திறந்துவைக்காத அடிமைகளுக்கு எழுதப்பட்டது. எஜமானின் முரட்டுத்தனத்தை அது நியாயப்படுத்தவும் இல்லை. வாசல் திறந்திருந்தபோது வேதாகம மனிதர்கள் வெளியேறினார்கள். போத்திபாரின் மனைவி பிடித்த வஸ்திரத்தை விட்டுவிட்டு யோசேப்பு ஓடினான். பவுலைக் கூடையில் வைத்துத் தமஸ்கு மதில் வழியாக இறக்கினார்கள். ஒரு பட்டணத்தில் துன்புறுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடுங்கள் என்றார் இயேசு. பொறுத்துக்கொள் என்று சொல்ல எடுக்கும் அதே கொரிந்தியர் வசனத்திலும், தப்பிப்போகும் வழியைக் கடவுள் உண்டாக்குவார் என்ற பகுதி இருக்கிறது. அதை ஏன் படிக்காமல் விடுகிறோம்?

சோதனையைத் தேடிப் போவதும் ஏற்றுச் சுமப்பதுமே பக்தியின் அடையாளம் என்று இன்னமும் நினைப்பவர்கள், இயேசு கற்றுத்தந்த ஜெபத்தைப் பார்க்கலாம். சோதனைக்குள் எங்களைக் கொண்டுபோகாதிரும் என்ற வேண்டுதல் அதில் இருக்கிறது. கடவுளே தூண்டுகிறவர் என்ற பொருள் தொனிக்கக் கூடாது என்று பிரெஞ்சு கத்தோலிக்கர் 2017இல் அந்த வரியை மாற்றியபோதும் வேண்டுதலின் சாரம் மாறவில்லை: நான் பலவீனன், என்னை அந்த முனைக்குத் தள்ளவேண்டாம். கெத்செமனேயில் சீஷர்களை விழித்திருந்து இதையே கேட்கச் சொன்னார் இயேசு. அவரும் சற்றுத் தள்ளி முகங்குப்புற விழுந்து, கூடுமானால் இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று மூன்று முறை கேட்டார். சோதனை வேண்டாம் என்று கெஞ்சுவது அவிசுவாசம் என்றால், முதலில் அவரைத்தான் குற்றஞ்சாட்ட வேண்டும்.