நாறுவது கருவாடு இல்லை

யூடியூப்பில் 'ஸ்டிங்கி டோஃபு' என்று தேடிப் பாருங்க. தைவான் இரவுச் சந்தையில ஒருத்தர் மூக்கைப் பொத்திக்கிட்டு ஒரு துண்டைக் கடிப்பார், கண்ணை விரிப்பார், "செம!" என்பார். பார்க்கிற நம்ம பொடியன்களுக்கும் ஆசை வரும். அதே பொடியன்கள், வீட்டில அம்மா கட்டாக் கருவாடு பொரிச்சா கதவைச் சாத்திவிட்டு உடுப்புக்கு சென்ட் அடிப்பாங்க. ஒரே முகத்தில எப்படி இரண்டு மூக்கு?

அந்த டோஃபு சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் கட்டி. நுரைத்துப் புளித்த உப்புநீரில் ஊறவைப்பார்கள். சாங்ஷா நகரத்தில் அது கறுப்பு நிறம், மேலே மிளகாய்ச் சாறு. ஷாவ்ஷிங்கில் கீரைத்தண்டு ஊறிப் புளித்த நீர். தைவானில் மொறுமொறுவெனப் பொரித்து, கோவா ஊறுகாயோடு தருவார்கள். தெருமுனைக்கே நாறும். யாரும் வெட்கப்படுவதில்லை. ஊர்ப் பெருமை என்று உல்லாசப் பயணிகளைக் கூப்பிட்டு ஊட்டுகிறார்கள்.

நம்ம பக்கம் வாங்க. முன்னேஸ்வரத்தில் இருந்து சிலாபம் கடற்கரை சில கிலோமீட்டர்தான். வடக்கே போனால் உடப்பு, கரைவலை இழுக்கும் தமிழ் ஊர். மீனைக் கீறி, குடல் எடுத்து, உப்புப் போட்டு வெயிலில் காயவைக்கும் வேலையில் பெண்களின் கை பெரிது. நெத்தலி, சாளை, கட்டா, திருக்கை, சுறா என்று ஒவ்வொன்றுக்கும் தனி வாசம், தனிக் கறி. சிங்களக் கரையோரத்தில் மீனை உப்போடும் கொறக்காப் புளியோடும் அடுக்கி ஊறப்போட்டு 'ஜாடி' செய்கிறார்கள். அவித்து, புகையில் வாட்டிக் காயவைத்த மாலைதீவு மாசி சீனிச் சம்பலுக்குள் போகிறது. கருவாடு என்றாலே முகம் சுளிக்கிறவர் சீனிச் சம்பல் பணிஸை ருசிச்சுச் சாப்பிடுவார்!

அப்போ பிரச்சினை வாசம் இல்லை. புரதம் உடையும்போது வாசம் வரும். சீஸிலும் அதுதான், டோஃபுவிலும் அதுதான், கருவாட்டிலும் அதுதான். வெளிநாட்டுக்காரன் தின்றால் அது 'அனுபவம்'. மீன்பிடிக்கிறவன் தின்றால் அது 'நாற்றம்'. நாம் மோந்து பார்ப்பது ஆளை.

இதை வெறும் ருசிச் சண்டை என்று விடமுடியாது. 2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய ஒரு வயதான அம்மாவை நாறுகிறது என்று சொல்லி அரசுப் பேருந்தில் இருந்து இறக்கிவிட்டார்கள். அவர் நியாயம் கேட்டுக் கத்தியது வீடியோவாகப் பரவியது. முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் பணி இடைநீக்கம் ஆனார்கள். வீடியோ இல்லாத அம்மாக்களுக்கு என்ன? கொழும்பில் அறை தேடினவர்களுக்கும் தெரியும், வாடகைக்கு முன்னாடியே வரும் நிபந்தனை: "கருவாடு பொரிக்கக் கூடாது."

"கோயில் ஊரில இருந்துகொண்டு கருவாட்டுக்கு வக்காலத்தா?" என்று கேட்பீங்க. முன்னேஸ்வரத் திருவிழாக் காலத்தில் எத்தனையோ வீட்டில் மச்சம் ஏறாது. நல்லது. விரதம் பிடிக்கிறவர் கருவாட்டை ஒதுக்குவது அவருடைய உரிமை. கருவாடு காயவைக்கிற ஆளை ஒதுக்க அவருக்கு எந்த உரிமையும் இல்லை.

"சுத்தம் இல்லையே" என்பது அடுத்த வாதம். மணலில் பரப்பினால் ஈ மொய்க்கும், உண்மை. அதற்கு உயரமான பரண் வேணும், வலை வேணும், நல்ல தண்ணி வேணும். அதையெல்லாம் கேட்டுக் குரல் கொடுங்க, நானும் வாறேன். அழுக்கு வேற, வாசம் வேற. ஒன்றைச் சொல்லி மற்றதை இழிவாக்காதீங்க.

இந்தச் சண்டை புதுசும் இல்லை. நற்றிணை 45ஆம் பாட்டில், தேருடைய பணக்காரரின் மகனான தலைவனிடம் நெய்தல் நிலத்துத் தோழி பேசுகிறாள். நாங்கள் சுறாத்துண்டு காயவைத்துப் பறவை ஓட்டுகிறவர்கள், எங்களில் புலால் நாறும், தள்ளி நில் என்கிறாள். அந்தக் குரலில் வெட்கம் இருக்கிறதா, பாருங்க. ஒதுங்கச் சொல்வது அவள், ஒதுங்க வேண்டியது அவன்.

கொரியன் ராமென் பற்றி மூன்று பக்கம் ரிவியூ எழுதுகிற நண்பர்களே, அடுத்த தடவை உங்க ஊர்க் கருவாட்டைப் பற்றி எழுதுங்க. எந்த மீன், யார் காயவைத்தது, அவங்க கைக்கு எவ்வளவு காசு போனது என்று கேட்டு எழுதுங்க. மூக்கைப் பொத்தாமல்.