காசோலையைப் பூட்டி வைத்தால் யாருக்கு லாபம்?

ஈரோட்டு ஜவுளிக் கடைகளிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் பின்தேதியிட்ட காசோலையோடு ஒரு வேண்டுகோளும் சேர்ந்தே வரும்: “ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்கண்ணா.” தேதி நெருங்கியதும் கேட்டால், “இந்த வாரம் வேண்டாங்க, அக்கவுண்ட்ல பணமில்லை” என்பார் காசோலை கொடுத்தவர். சரக்குக் கொடுத்தவருக்குச் சந்தேகம் தட்டுகிறது. போட்டால் திரும்பும், உறவு கெடும், வங்கி வேறு கட்டணம் பிடிக்கும் என்று காசோலையைக் கல்லாவில் போட்டுப் பூட்டுகிறார். கடன்காரருக்கு இதைவிட வசதியான முடிவு கிடையாது.

மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881-ல் வந்தது. காசோலை திரும்புவதைக் குற்றமாக்கிய 138-வது பிரிவு 1989 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. கணக்கில் பணமில்லை என்று ஊருக்கே தெரிந்திருந்தாலும், காசோலை வங்கிக்குப் போய்த் திரும்பாதவரை அந்தப் பிரிவு அசையாது. காசோலையின் ஆயுளோ, 2012 ஏப்ரல் முதல் அதிலுள்ள தேதியிலிருந்து மூன்றே மாதம். முன்பு ஆறு மாதம் இருந்தது; பழைய நினைப்பில் ஏமாந்தவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

போட்டுவிட்டால் உடனே வழக்குத்தான் என்பதும் தவறான அச்சம். முதல்முறை திரும்பி, நோட்டீஸ் கொடுத்த பிறகும் வழக்குத் தொடராவிட்டால் உரிமை போய்விடும் என்றுதான் 1998 முதல் சட்டநிலை இருந்தது. எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆயுள் முடிவதற்குள் மீண்டும் போடலாம். திரும்பினால் அதை வைத்தும் வழக்குத் தொடரலாம். தவணை கொடுக்க விரும்புபவர், ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டே கொடுக்கலாம். இப்போது காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2025 அக்டோபரில் தொடர் தீர்வு முறை வந்தபின் காலையில் போட்ட காசோலையின் கதி அன்று மாலையே தெரிந்துவிடுகிறது.

இதற்கிடையில் ‘பாதியை இப்போது அனுப்புகிறேன்’ என்று கடன்காரர் சொன்னால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால், பாதி வந்தபின் பழைய காசோலையை முழுத்தொகைக்குப் போடக் கூடாது. செலுத்திய தொகையைக் காசோலையிலேயே குறிக்க வேண்டும்; இல்லையெனில் அது திரும்பினாலும் 138 பொருந்தாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மீதித்தொகைக்குப் புதுக் காசோலை வாங்குவதே எளிது. நியாயம் முழுக்கத் தம் பக்கம் இருந்தும் பலர் வழுக்கும் இடம் இது.

திரும்பிவிட்டதா? வங்கி தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள், காசோலைத் தொகையைச் சரியாகக் குறிப்பிட்டு எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். கணக்கை மூடினாலும், ‘பணம் கொடுக்காதே’ என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்தாலும் கடன்காரர் எளிதில் நழுவ முடியாது.

ஆனால், நீதிமன்றம் அவ்வளவு வேகமாக நகர்வதில்லை. 2019 முடிவில் நிலுவையிலிருந்த 2.31 கோடி குற்றவியல் வழக்குகளில் 35 லட்சத்துக்கு மேல் காசோலை வழக்குகளே. இடைக்கால இழப்பீடாக 20 சதவீதம்வரை பெற 2018-ல் வழி செய்தார்கள்; அதுவும் நீதிபதியின் விருப்புரிமைதான். 2020-ல் மத்திய நிதியமைச்சகம் காசோலை திரும்புவதைக் குற்றப் பட்டியலிலிருந்தே நீக்க யோசனை சொன்னபோது வணிகர்கள் எதிர்த்தார்கள். எதிர்த்தது சரியே. சிறைப் பயமும் போய்விட்டால் சிறு வியாபாரியின் கையில் என்ன மிஞ்சும்? ஆனால், அந்தப் பயத்தை நம்பியே கடன் கொடுக்கும் பழக்கமும் வளர்ந்துவிட்டது. கொடுக்கல் வாங்கலுக்கான காசோலை அடமானப் பத்திரமாகிவிட்டது. அதை வசூலித்துத் தரும் வேலை மாஜிஸ்திரேட்டின் தலையில் விழுந்திருக்கிறது.

ஆகவே, வழக்கறிஞரைத் தேடுவதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. காசோலை கணக்கில் ஏறும்வரை அதே ஆளுக்கு அடுத்த லோடை அனுப்பக் கூடாது. பழைய பாக்கியையும் புதுச் சரக்கையும் சேர்த்து இன்னொரு பின்தேதிக் காசோலை நீட்டினால், வாங்கவே கூடாது.