பள்ளி நூலகச் சாவி யார் கையில்?

அரசுப் பள்ளிப் பாடநூலைத் திறந்தால் பாடத்துக்குப் பாடம் ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம் இருக்கிறது. 2018இல் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடத்திட்டம் வந்தபோது சேர்க்கப்பட்ட கியூஆர் கோடு அது. அடுத்த ஆண்டே மற்ற வகுப்புகளுக்கும் வந்தது. அலைபேசியைக் காட்டினால் காணொலியும் பயிற்சியும் விரியும். நல்ல ஏற்பாடுதான். ஆனால், இணைய வசதியுள்ள அலைபேசி மாலையில் பிள்ளையின் கையில் இருக்கும் என்று நம்பித்தான் அந்தக் கட்டம் அச்சிடப்பட்டிருக்கிறது.

நம் காலனிகளில் வீட்டுக்கு ஒரு அலைபேசி இருந்தாலும், அது கூலி வேலைக்குப் போகிறவரோடு போய்விடுகிறது. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது இதன் விலையை நம் பிள்ளைகள் கொடுத்தார்கள். வீட்டில் இல்லாததைத் தர வேண்டிய இடம் பள்ளி நூலகம்.

பொன்னமராவதி வட்டாரம் புத்தகம் அறியாத மண் அல்ல. பக்கத்து மேலைச்சிவபுரியில் 1909இலேயே சன்மார்க்க சபை தொடங்கித் தமிழ் வளர்த்தார்கள். ஆனால், வீட்டில் புத்தக அலமாரி இல்லாத முதல் தலைமுறைப் பிள்ளைக்குப் பள்ளி அலமாரிதான் கதி. அதுவோ பல இடங்களில் பூட்டிக் கிடக்கிறது. தனி நூலகர் இல்லாததால் ஏதோ ஓர் ஆசிரியர் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். புத்தகம் தொலைந்தால் கணக்குச் சொல்ல வேண்டுமே என்ற அச்சம் அவருக்கு. பூட்டுக்குக் காரணம் அந்த அச்சம். கிழிந்த, தொலைந்த நூல்களைக் கழித்தெழுத எளிய வழி செய்துவிட்டால் பாதிப் பூட்டுகள் திறந்துவிடும்.

பாடத்திட்டம் மாறியபோது அலமாரி மாறவில்லை. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் 'அறிவை விரிவு செய்' என்று நூல்களின் பெயர்கள் தரப்பட்டுள்ளன. அவற்றில் எத்தனை நம் பள்ளியில் உள்ளன? புதிய நூல் வாங்க அதையே முதல் பட்டியலாகக் கொள்ளலாம். அம்பேத்கரும் அயோத்திதாசரும் அந்த அலமாரியில் கட்டாயம் இருக்க வேண்டும்.

மின்வளங்களுக்கும் பெரும் செலவில்லை. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறது. பள்ளி விட்டபின் ஒரு மணி நேரம் அதை நூலகமாகத் திறந்து வைக்கலாம். தீக்ஷா செயலியின் பாடங்களை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்தால் இணையம் இல்லாதபோதும் பார்க்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஆயிரக்கணக்கான நூல்களைக் காசில்லாமல் படிக்கலாம்.

இவற்றை எடுத்துத் தர, எது உண்மை எது பொய் என்று பார்க்கப் பழக்க ஓர் ஆள் வேண்டும். 2019 ஏப்ரலில் ஒரு சமூகத்துப் பெண்களை இழிவுபடுத்தி வாட்ஸ்அப்பில் பரவிய ஒலிப்பதிவால் பொன்னமராவதி கலவரப்பட்டு, 144 தடை உத்தரவு வரை போனதை நாம் மறக்க முடியாது. கையில் வந்ததை அனுப்பும் முன் நின்று யோசிக்கும் பழக்கத்தை நூலகப் பாடவேளையில் கற்றுத் தரலாம். எனவே நூலகர் பணியிடம் கேட்பது ஆடம்பரக் கோரிக்கை அல்ல.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். ஒடுக்கப்பட்ட பிரிவுப் பெற்றோருக்கும் அதில் உரிய இடம் உண்டு. அடுத்த கூட்டத்துக்குப் போவோம். நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும், நம் பிள்ளை வீட்டுக்குப் புத்தகம் கொண்டுவரலாமா, கணினியில் உட்காரலாமா என்று கேட்போம். பதிலைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்வோம்.