ஃபேர்வெல் மக் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி

ஃபைனல் இயர் குரூப்பில் இப்போ ஒரே பேச்சு, பேட்ச் போட்டோ போட்ட மக். வேண்டாம்னு சொல்ல வரல. ஆனா காசு கொடுக்குமுன் அந்தப் படம் மக்கில் எப்படி ஏறுதுன்னு தெரிஞ்சுக்கோங்க.

மதுரையில் நாம பார்க்கிற போட்டோ மக் கடைகளில் பெரும்பாலும் சப்ளிமேஷன்தான். பேப்பரில் பிரின்ட் எடுத்து, மக்கைச் சுற்றி ஒட்டி, ஹீட் பிரஸ்ஸில் 180 முதல் 200 டிகிரி வரை சூடாக்குவாங்க. மை ஆவியாகி உள்ளே போகும். எதுக்குள்ளே? பீங்கானுக்குள் இல்லை, அதன் மேல் பூசின பாலிமர் கோட்டிங்குக்குள். அதாவது உங்க போட்டோ இருப்பது பிளாஸ்டிக்கில். கம்பி நார் போட்டுத் தேய்க்கிற உங்க அம்மாகிட்ட இதை யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

தப்பு பேப்பர் மேல் இல்லை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பேப்பர் வழியா பாத்திரத்தில் படம் ஏற்றுவது பெரிய தொழிலாவே வளர்ந்தது. செதுக்கின செப்புத் தகட்டில் மை பூசி, மெல்லிய தாளில் எடுத்து, பாத்திரத்தில் அழுத்தித் தேய்ப்பாங்க. 1756இல் லிவர்பூலைச் சேர்ந்த ஜான் சாட்லரும் கை கிரீனும், ஆறு மணி நேரத்தில் 1200க்கும் மேற்பட்ட டைல்ஸில் படம் அச்சடிச்சோம், அதே நேரத்தில் நூறு ஓவியர்களாலும் இது முடியாதுன்னு சத்தியப் பிரமாணமே எழுதிக் கொடுத்தாங்க. (அந்த நூறு பேர் நிலைமை, நம்ம பிளேஸ்மென்ட் பேச்சு மாதிரியே இருக்குல்ல?)

ஆனா அவங்க படத்தைச் சூளையில் சுட்டாங்க. இன்றைய செராமிக் டீகாலும் அப்படித்தான். தண்ணீரில் நனைச்சா படம் தாளை விட்டு நழுவி வரும். அதை மக்கில் ஒட்டி, சுமார் 800 டிகிரியில் சுடணும். நிறம் தர்ற உலோக ஆக்ஸைடு க்ளேஸோட உருகிச் சேர்ந்துடும். உங்க வீட்டுப் பழைய பீங்கான் தட்டில் பூ இன்னும் இருந்தா, காரணம் இதுவாத்தான் இருக்கும்.

பக்கத்தில் கீழடி மியூசியம் போய்ப் பாருங்க. தமிழி எழுத்தில் ஆதன்னு கீறின பானை ஓடு, 2000 வருஷத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தும் படிக்க முடியுது. நாலு வருஷம் சேர்ந்து படிச்ச நம்ம பெயர் நாலு வருஷமாவது தாங்க வேண்டாமா?

அதனால கடையில் ஒரே கேள்வி கேளுங்க: "அண்ணே, இது சப்ளிமேஷனா, சுட்ட டீகாலா?" டீகால் விலை கூடும். பத்து மக்குக்கெல்லாம் ஒத்துக்க மாட்டாங்க. போட்டோவும் அவ்வளவு துல்லியமா வராது. அப்போ போட்டோவை விட்டுடுவோம். ஒரே நிறம், எல்லார் பெயரும் தமிழில், எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரே டிசைன். ஆர்டர் பெருசானா ஆளுக்கு ஆகிற செலவும் குறையும். கிளாஸ் ரெப்கள் இந்த வாரமே விசாரிங்க, சூளை வேலைக்கு நாள் பிடிக்கும்.