கேம்பஸ் கோர்ட்: கறுப்பு கோட்டு போட்டவரெல்லாம் வக்கீலா?



ஜூன் மாசம் மேகாத்து வீச ஆரம்பிச்சா போதும், தென்காசிப் பக்கம் ஆளாளுக்கு ஒரு பிசினஸ் ஐடியா வந்துடும். குற்றாலத்துல சாரல், ஐந்தருவியில கூட்டம், ரோட்டோரம் மங்குஸ்தான், ரம்புட்டான், சுடச்சுட நேந்திரங்காய் சிப்ஸ்... 'மூணு மாசம் ஒரு கடை போட்டா அடுத்த வருஷ ஃபீஸைக் கட்டிடலாம்லே'னு ஒரு தடவையாவது கணக்குப் போடாத காலேஜ் கேங் அந்த ஏரியாவுல இருக்குமா என்ன?

சரி, சும்மா ஒரு கற்பனை. மூணு பசங்க. ஆளுக்கு முப்பதாயிரம் போட்டு, பழைய குற்றாலம் ரோட்டுல ஒரு கடையை மூணு வருஷ வாடகைக்குப் பிடிக்கிறாங்க. "எதுக்கும் எழுதி வெச்சுக்கோங்கப்பா" என்கிறார் கடைக்கார அண்ணாச்சி. யாரோ ஒருத்தர் ஒரு 'வக்கீல் சாரை'க் கை காட்டுறார். கறுப்பு கோட்டு, பைக்ல 'அட்வகேட்' ஸ்டிக்கர், மேஜை மேல தலையணை சைஸ் புத்தகங்கள். நாலாயிரம் ஃபீஸ் வாங்கிக்கிட்டு ரெண்டு அக்ரிமென்ட் எழுதித் தர்றார். ஒண்ணு கடை வாடகைக்கு, இன்னொண்ணு மூணு பேரோட கூட்டுக்கு.

சீசன் முடியுது. லாபத்தைப் பிரிக்கிறதுல சண்டை. பணம் கையில வெச்சிருக்கிறவன் நைஸா விசாரிச்சா, எழுதிக் கொடுத்தவர் வக்கீலே இல்லை! உடனே அவன் அடிக்கிறான் பாருங்க ஒரு டயலாக்: "எழுதுன ஆளே டுபாக்கூர். அப்ப அக்ரிமென்ட்டும் டுபாக்கூர்தான். எவனுக்கும் நான் பத்து பைசா தர வேண்டாம்லே!"

அவன் சொல்றது சரியா? இந்த வாரம் நம்ம கோர்ட்ல இதுதான் கேஸ்.

யார் வக்கீல்?

எல்.எல்.பி. முடிச்சா வக்கீல்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டிருக்கோம். இல்லை பாஸ். டிகிரி முதல் படிதான். மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்யணும். நமக்கு அது சென்னை ஹைகோர்ட் வளாகத்தில் இருக்கிற தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில். அப்புறம் அகில இந்திய பார் தேர்வு. 2011-ல் ஆரம்பிச்ச இந்தத் தேர்வு செல்லும்னு 2023 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன அமர்வும் சொல்லிடுச்சு.

1961-ஆம் வருஷத்து வழக்கறிஞர்கள் சட்டம் ரொம்பத் தெளிவு. 29-ஆம் பிரிவு, வக்கீல் தொழில் செய்ய உரிமை உள்ளவங்க பதிவு பெற்ற வழக்கறிஞர்கள் மட்டும்தான் என்கிறது. உரிமை இல்லாதவர் கோர்ட்லயோ அதிகார அமைப்பு முன்னாலயோ தொழில் செஞ்சா, 45-ஆம் பிரிவுப்படி ஆறு மாசம் வரை ஜெயில். உங்க கேஸை நீங்களே வாதாடலாம், அதுக்குத் தடை இல்லை. அடுத்தவருக்காகப் பேசணும்னா குறிப்பிட்ட அந்த வழக்குக்கு மட்டும் கோர்ட் அனுமதி தரலாம். அது 32-ஆம் பிரிவு.

போலிகள் எங்கேயோ ஒண்ணு ரெண்டுன்னு நினைக்காதீங்க. டெல்லியில சட்ட அமைச்சரா இருந்தவரே போலி டிகிரி குற்றச்சாட்டில் 2015 ஜூன்ல கைதானார். நாடு முழுக்க வக்கீல்களோட சான்றிதழ்களைச் சரிபார்க்கிறதைக் கண்காணிக்க, 2023 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் ஒரு உயர்மட்டக் குழுவே அமைச்சது.

கோர்ட் படியே ஏறலையே?

'நம்ம ஆள் கோர்ட் பக்கமே போகலையே, மேஜையில உட்கார்ந்து பத்திரம்தானே எழுதினார்'னு கேட்கலாம். சூப்பர் கேள்வி. இதுக்குப் பதில் கிடைச்சது நம்ம சென்னையில ஆரம்பிச்ச ஒரு வழக்குல.

ஏ.கே.பாலாஜி என்ற வழக்கறிஞர் 2010-ல் சென்னை ஹைகோர்ட்டில் ஒரு மனு போட்டார். முப்பதுக்கும் மேற்பட்ட வெளிநாட்டு சட்ட நிறுவனங்கள் இந்தியாவுல பதிவே செய்யாம சட்டத் தொழில் செய்யறாங்க என்பது புகார். அவங்க யாரும் கோர்ட்டுக்கு வந்து 'மை லார்ட்' சொல்லலை. ஸ்டார் ஹோட்டல்ல உட்கார்ந்து கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் பேசினாங்க, ஆலோசனை சொன்னாங்க. 2012 பிப்ரவரியில ஹைகோர்ட் தீர்ப்பு. அப்பீல் போய், 2018 மார்ச் 13-ல் சுப்ரீம் கோர்ட் முடிவு சொன்னது: வக்கீல் தொழில்னா கோர்ட்ல வாதாடுறது மட்டும் இல்லை, சட்ட ஆலோசனை சொல்றது, பத்திரம் தயாரிக்கிறது, பேச்சுவார்த்தையில கலந்துக்கிறது எல்லாமே அதுல அடக்கம். வெளிநாட்டு வக்கீல் எப்பவாவது ஒரு தடவை வந்து தன் நாட்டுச் சட்டத்தைப் பத்தி ஆலோசனை சொல்லிட்டுப் போகலாம். அடிக்கடி வந்தா அது தொழில்தான்னு கோடு போட்டது. சட்ட வேலை செய்யற பி.பி.ஓ.க்களைப் பத்தியும் பேசுச்சு. டைப்பிங், ப்ரூஃப் பார்க்கிற மாதிரி வேலைன்னா பிரச்னை இல்லை. உள்ளுக்குள்ள நடக்கிறது சட்டத் தொழில்னா சட்டம் பாயும்.

லண்டன் கம்பெனிக்கே இந்தக் கதின்னா, பைக் ஸ்டிக்கர் பார்ட்டி எந்த மூலைக்கு?

அப்போ அக்ரிமென்ட் கதி?

இங்கேதான் ட்விஸ்ட். ஒப்பந்தம் செல்லும்!

1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தோட 10-ஆம் பிரிவு என்ன கேட்குது? ரெண்டு தரப்பும் மனசார சம்மதிச்சாங்களா? ரெண்டு பேருக்கும் ஒப்பந்தம் போடற தகுதி இருக்கா? கைமாறு சட்டப்படி சரியானதா? நோக்கம் சட்டப்படி சரியானதா? அவ்வளவுதான். 'எழுதினது யாரு?'ன்னு அது கேட்கவே இல்லை. நீங்களே வெள்ளைத்தாள்ல எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாலும் அது ஒப்பந்தம்தான். வாய் வார்த்தையிலகூட ஒப்பந்தம் உண்டு, நிரூபிக்கிறதுதான் கஷ்டம். ஆக, 'எழுதினவன் டுபாக்கூர்'னு டயலாக் விட்டு நம்ம ஆள் பணத்தோட எஸ்கேப் ஆக முடியாது.

செல்லாமப் போறது வேற ஒரு ஒப்பந்தம்: பசங்களுக்கும் அந்தப் போலி வக்கீலுக்கும் நடுவுல போட்ட நாலாயிரம் ரூபாய் ஃபீஸ் ஒப்பந்தம். சட்டம் தடுத்த வேலைக்காகப் போடற ஒப்பந்தம் 23-ஆம் பிரிவுப்படி செல்லாது. பாக்கி ஃபீஸ் கேட்டு அவர் கேஸ் போட வழியில்லை. செல்லாதுன்னு தெரிஞ்சதும், அதுல வாங்கின பலனைத் திருப்பித் தரணும் என்கிறது 65-ஆம் பிரிவு. விஷயம் தெரியாம ஏமாந்தவங்க பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஏமாற்றுக் குற்றத்துக்கு போலீஸ் புகாரும் கொடுக்கலாம். பழைய 420-க்குப் பதிலா 2024 ஜூலை 1-லேர்ந்து பாரதிய நியாய சன்ஹிதாவோட 318-ஆம் பிரிவு.

அமெரிக்காவிலும் இதே லாஜிக் ஓடியிருக்கு. பிர்ப்ரோவர் என்ற நியூயார்க் வக்கீல் நிறுவனம், கலிஃபோர்னியா லைசென்ஸ் இல்லாமலே அங்கே போய் ஒரு கம்பெனிக்கு வேலை பார்த்தது. பத்து லட்சம் டாலருக்கு மேல ஃபீஸ் கேட்டது. 1998-ல் கலிஃபோர்னியா சுப்ரீம் கோர்ட், 'இங்கே லைசென்ஸ் இல்லாம செஞ்ச வேலைக்கு ஃபீஸ் கிடையாது'ன்னு சொல்லிடுச்சு. இத்தனைக்கும் அவங்க போலி இல்லை, ஒரிஜினல் வக்கீல்கள். வேற மாநிலம், அவ்வளவுதான்.

செல்லும்... ஆனா நிக்குமா?

அக்ரிமென்ட் செல்லும்னு சொன்னதும் விசில் அடிச்சிடாதீங்க. போலியால வர்ற நிஜமான நஷ்டம் இனிமேதான். சட்டம் தெரியாதவர் எழுதற பத்திரத்துல ஓட்டை இருக்கும். ஒவ்வொண்ணா பார்ப்போம்.

ஓட்டை ஒண்ணு: கடை வாடகை மூணு வருஷத்துக்கு. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செஞ்சே ஆகணும்னு 1908-ஆம் வருஷத்து பதிவுச் சட்டம் சொல்லுது. ஊரெல்லாம் 11 மாசத்துக்கு அக்ரிமென்ட் போடற ரகசியம் இதுதான். பதிவு செய்யாத பத்திரத்தை வெச்சு 'மூணு வருஷம் எனக்குத்தான்'னு சாதிக்க முடியாது. அண்ணாச்சி அடுத்த சீசனுக்கு வேற ஆளைப் பார்க்க ஆரம்பிச்சா, கையைப் பிசைய வேண்டியதுதான்.

ஓட்டை ரெண்டு: முத்திரைத் தீர்வை. குறைவான மதிப்புள்ள பத்திரத்துல எழுதினா, குறைஞ்ச தொகையையும் அதுக்கு மேல பத்து மடங்கு வரை அபராதத்தையும் கட்டினாதான் கோர்ட் அதை சாட்சியமா ஏத்துக்கும்.

ஓட்டை மூணு: கூட்டு வியாபாரம். 1932-ஆம் வருஷத்து கூட்டாண்மைச் சட்டப்படி பதிவு கட்டாயம் இல்லை. ஆனா 69-ஆம் பிரிவு ஒரு ஆப்பு வெச்சிருக்கு. பதிவு செய்யாத ஃபர்ம்ல ஒரு பார்ட்னர், ஒப்பந்தத்துல இருக்கிற உரிமையைக் கேட்டு இன்னொரு பார்ட்னர் மேல வழக்குப் போட முடியாது. கூட்டைக் கலைச்சு கணக்கு ஒப்படைக்கச் சொல்லி மட்டும் கேட்கலாம். நம்ம பசங்களுக்கு மிச்சம் இருக்கிற வழியும் அதுதான். லாபம் வரும், ஆனா கடை போயிடும்.

ஓட்டை நாலு: வயசு. மூணு பேர்ல ஒருத்தன் ஃபர்ஸ்ட் இயர், 17 வயசுன்னு வெச்சுக்கோங்க. 18 ஆகாதவர் போடற ஒப்பந்தம் செல்லவே செல்லாதுன்னு 1903-லேயே மோகரி பீபி வழக்குல பிரிவி கவுன்சில் சொல்லிடுச்சு. நல்ல வக்கீலா இருந்தா முதல் கேள்வியே, "தம்பி, வயசு என்ன?"

புரியுதா மக்களே? எழுதினவர் போலி என்பதால பத்திரம் சாகறதில்லை. அவருக்குத் தெரியாத விஷயத்தால அதுக்கு நோய் வருது. கையெழுத்துப் போட்ட அன்னிக்கு எதுவும் தெரியாது. சண்டை வர்ற அன்னிக்குத்தான் படுத்துக்கும்.

லா காலேஜ் மக்கள் கவனத்துக்கு!

திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில படிக்கிற தென்காசி நண்பர்களே, ஃபைனல் இயர்னாலும் நீங்க இன்னும் வக்கீல் இல்லை. ஃப்ரெண்டுக்கு ஐடியா சொல்றது ஓகே. 'அட்வகேட்'னு கார்டு அடிச்சு காசு வாங்கறது நாட் ஓகே. கேஸ் பிடிச்சுக் கொடுத்து கமிஷன் வாங்கற தரகர் வேலையும் வேண்டாம். அதுக்குன்னே வழக்கறிஞர்கள் சட்டத்துல சேர்த்த 45-ஏ பிரிவு 2024 செப்டம்பர் 30-லேர்ந்து அமல்ல இருக்கு. மூணு மாசம் வரை ஜெயில். அதே சமயம், பதிவுக் கட்டணத்தைப் பார்த்து பயப்படவும் வேண்டாம். சட்டத்துல சொன்ன 750 ரூபாய்க்கு மேல (எஸ்.சி., எஸ்.டி.க்கு 125) பார் கவுன்சில்கள் வாங்கக்கூடாதுன்னு 2024 ஜூலையில சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டிருக்கு.

கையெழுத்துக்கு முன்னால...

* பதிவு எண் கேளுங்க. தமிழ்நாட்டு வக்கீல்னா 'எம்.எஸ்.'னு ஆரம்பிச்சு, ஒரு எண், பதிவான வருஷம்னு இருக்கும். ஒரிஜினல் வக்கீல் கோவிச்சுக்க மாட்டார். சந்தேகம்னா பார் கவுன்சில்ல விசாரிக்கலாம்.

* பத்திர எழுத்தர் வேற, வக்கீல் வேற. எழுத்தருக்குப் பதிவுத்துறை லைசென்ஸ் உண்டு. அந்த எண்ணைப் பத்திரத்துல போடுவார். ஸ்டாம்ப் விற்கிறவர், ஜெராக்ஸ் கடைக்காரர் எல்லாம் ரெண்டுமே இல்லை.

* 'நோட்டரி சீல் இருக்கு, போதும்'னா நம்பாதீங்க. பதிவு செய்ய வேண்டியதை நோட்டரி சீல் காப்பாத்தாது.

* காசு இல்லையா? இலவச சட்ட உதவிக்கு 15100-க்கு டயல் பண்ணுங்க. பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பே கிடையாது.

* கொடுக்கிற ஃபீஸுக்கு ரசீது வாங்குங்க. பின்னால பணத்தைத் திரும்பக் கேட்க அதுதான் ஆயுதம்.

தென்காசி 2019 நவம்பர்ல தனி மாவட்டம் ஆச்சு. கலெக்டர் ஆபீசுக்காக நெல்லை வரை பஸ் ஏறின காலம் போயாச்சு. பத்திரத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னால, உள்ளூர்லேயே ஒரு நிஜ வக்கீலைத் தேடிப் போக அரைமணி நேரம் ஆகுமா? ஆகட்டுமே!

அடுத்த வாரம்: 'ஹாஸ்டல் டெபாசிட் திரும்பி வராது'ன்னு சொன்னா என்ன செய்யலாம்? வர்ட்டா!