மர்சூப் அறிக்கையும் மணமகளின் கையொப்பமும்

கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கரையோரமாகச் செல்பவர், மகளுக்கென்று எழும்பிக்கொண்டிருக்கும் வீடுகளைக் காணாமல் வர இயலாது. இவ்வூர்களில் மணமகன்தான் மணமகளின் வீட்டுக்கு வாழ வருகிறான். தந்தையும் சகோதரர்களும், சில குடும்பங்களில் மத்திய கிழக்கில் உழைத்த தாயும் சேர்ந்து கட்டிய வீடு, பெண்ணின் பெயருக்கு எழுதப்படுவதே வழமை. காணி உறுதியில் அவள் ஒப்பம் செல்லும். அதே வீட்டில் நடக்கும் நிக்காஹ்வின் பதிவேட்டிலோ, அவள் ஒப்பமிட வேண்டும் என்று 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கேட்கவில்லை. அவளுக்காக வலி ஒப்பமிடுவார்.

இந்த முரண்பாட்டை எண்ணும்போதெல்லாம் நீதியரசர் சலீம் மர்சூபின் நினைவு வருகிறது. மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைவராகவும் பின்னர் உயர் நீதிமன்ற நீதியரசராகவும் இருந்தவர் அவர். (இலங்கையில் உயர் நீதிமன்றம் என்பது நாட்டின் அதியுயர் நீதிமன்றம் என்பதைத் தமிழக வாசகர்கள் கவனிக்க.) அவர் வழங்கிய தீர்ப்புகளை விட, அவர் தலைமையில் எழுதப்பட்ட ஓர் அறிக்கையே அவருடைய பெயரை நிலைநிறுத்தும் என்பது எனது கருத்து.

அச்சட்டம் திருமணத்துக்குத் திட்டவட்டமான குறைந்தபட்ச வயதை விதிக்கவில்லை. 12 வயதுக்குக் குறைந்த சிறுமியின் திருமணத்தைக்கூடக் காதியின் அனுமதியுடன் பதியலாம். நாட்டின் பொது விவாகச் சட்டம் 1995 இல் வயதை 18 ஆக உயர்த்தியபோதும் இதில் மாற்றம் இல்லை. காதியாக ஓர் ஆண் மட்டுமே நியமிக்கப்படலாம். கணவன் காரணம் கூறாமல் தலாக் சொல்லலாம். மனைவி பஸஹ் கேட்டால் சாட்சிகளுடன் குற்றத்தை நிறுவ வேண்டும். அரசியலமைப்பின் 16 ஆம் உறுப்புரை பழைய சட்டங்களுக்குப் பாதுகாப்பு அளிப்பதால், அடிப்படை உரிமை மீறல் என்று வழக்காடவும் வழி குறைவு. எஞ்சியிருப்பது பாராளுமன்றம் ஒன்றே.

2009 இல் மர்சூப் தலைமையில் குழு நியமிக்கப்பட்டது. அறிக்கை கையளிக்கப்பட்டது 2018 ஜனவரியில். ஒன்பது ஆண்டுகள்! அதுவும் ஒருமித்து வரவில்லை. திருமண வயது 18, பெண்களும் காதியாகலாம் என்று மர்சூப் தரப்பு பரிந்துரைத்தது. ஜனாதிபதி சட்டத்தரணி பாயிஸ் முஸ்தபாவும் உலமா சபைத் தலைமையும் உள்ளிட்ட மறுதரப்பு, பெண் காதிகளை ஏற்கவில்லை. எங்கள் பத்திரிகைகள் அந்தப் பிளவையே தலைப்பாக்கின. நானும் விலக்கல்லன். பரிந்துரைகளை வரிவரியாக மக்களிடம் எடுத்துச் சென்றவர்கள் பெரும்பாலும் பெண்கள் அமைப்பினரே. அதற்காக அவர்கள் கேட்ட ஏச்சும் அதிகம்.

சீர்திருத்தத்தை எதிர்ப்போரின் அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு முழுச் சமூகமும் சந்தேகத்துடன் பார்க்கப்பட்டது. 2021 இல் அமைச்சரவை காதி முறையையே ஒழிக்க முடிவெடுத்தது. அதே ஆண்டில் “ஒரே நாடு, ஒரே சட்டம்” செயலணிக்கு ஞானசார தேரர் தலைவரானார். இதைக் கண்டவர்கள், சீர்திருத்தம் என்ற சொல்லின் பின்னால் வேறு நோக்கம் ஒளிந்திருக்கிறது என்று அஞ்சியதில் வியப்பில்லை.

ஆனால் அந்த அச்சமே மர்சூப் வழியின் தேவையைக் காட்டுகிறது. அவர் காதி நீதிமன்றத்தை இடிக்கச் சொல்லவில்லை, செப்பனிடச் சொன்னார். மார்க்கச் சட்டத்தின் உள்ளிருந்தே நியாயம் தேடினார். நம்மைப் போலவே ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் இந்தோனேசியாவில் மார்க்க நீதிமன்றங்களில் பெண் நீதிபதிகள் நெடுங்காலமாக இருக்கிறார்கள். 2019 இல் அங்கே இருபாலாருக்கும் திருமண வயது 19 ஆனது. அதனால் அந்நாட்டு முஸ்லிம்களின் மார்க்கம் குறைந்துவிட்டதாக எவரும் சொல்லவில்லை. நாமே செய்திருக்க வேண்டியதை ஒத்திப்போட்டோம். அந்த இடைவெளியில் பிறர் கோடரியோடு வந்தார்கள்.

கொழும்பு எப்போது அசையும் என்று பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதில்லை. 18 வயது நிரம்பாத பெண்ணின் நிக்காஹ்வை நடத்துவதில்லை என்று ஒரு பள்ளிவாசல் நிர்வாகம் முடிவெடுத்தால் எந்தச் சட்டமும் தடுக்காது. மணமகளின் சம்மதத்தை எழுத்தில் பெற்று, அவளிடம் ஒப்பம் வாங்கி வைப்பதையும் எவரும் தடுக்கப் போவதில்லை. பெண்ணுக்கு வீட்டை எழுதிக் கொடுக்கும் ஊர்கள் இவை. பேனாவை அவள் கையில் கொடுப்பதற்கு ஏன் தயங்க வேண்டும்? இக்கரையின் ஒரு ஜமாஅத் முதலடி வைக்கட்டும். அந்த நீதியரசருக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை அதுதான்.